குப்புறப் பார்த்த நிலா

ஆடி 6, புதன்

இந்த டைரி பாத்திரக்கடைக்காரர் தை மாதம் கொடுத்தது. இத்தனை நாளும் சும்மா கிடந்தது. எந்தச் சொட்டு மருந்தை எப்போது விட்டேன் என்று தேதி போட்டு எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் கண் டாக்டர். மருந்து எழுத எத்தனை இடம் வேண்டும்? மிச்சப் பக்கத்தை வீணாக்குவானேன். பந்தியில் ஒரு அப்பளம் மிஞ்சினாலே எனக்குப் பொறுக்காது.

நான் கல்யாணச் சமையல் மாஸ்டர். காரைக்குடிப் பக்கம் முத்தழகு மாஸ்டர் என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால்தான் மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. மகன் சேது கப்பலில் எஞ்சினியர், ஐப்பசியில்தான் கரையிறங்குவான். என் வீட்டுக்காரி அகிலாண்டம் கோயம்புத்தூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறாள். மருமகள் பொற்கொடிக்குத் தாயார் இல்லை. ஆக, மிச்சம் நான்.

கொடிக்கு வலது கண்ணில் விழித்திரை கிழிந்து விலகிவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன். கண்ணுக்குள் ஏதோ வாயுவை அடைத்திருக்கிறார்கள். அது மேலே எழும்பித் திரையை ஒட்டிப் பிடிக்குமாம். அதற்காக இவள் இரண்டு வாரம் குப்புறவே கிடக்க வேண்டும். இடது கண் சிறுவயதிலிருந்தே மங்கல், பஸ் நம்பர்கூடத் தெரியாது. எல்லாமே வலதுதான். அது திரும்பி வராவிட்டால் அவள் வேலை போச்சு. வேலையே பார்ப்பதுதானே: நிலாவிலுள்ள பள்ளங்களைப் படத்தில் பார்த்துப் பார்த்து எண்ணுகிறாள். அதற்கு டாக்டர் பட்டம் வேறு கொடுத்திருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்குப் போகிற வழியில் முக்குப் பிள்ளையார் கோயிலில் ஒரு நிமிஷம் நின்றேன். என் வெற்றிலைச் சுருக்குப்பை அங்கே எப்படியோ தவறிவிட்டது.

சொட்டு மருந்து நான்கு வேளையும் விட்டாயிற்று.

ஆடி 7, வியாழன்

ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கிய தலையணை நெற்றியை அறுக்கிறது என்று முனகினாள். பார்த்தேன். ஸ்பாஞ்சில் ஓட்டை போட்டுத் தலையணை என்று விற்கிறான், திருட்டுப் பயல். என் பழைய வேட்டி இரண்டை முறுக்கி, அண்டா தூக்கச் சும்மாடு கட்டுவதுபோல வட்டமாகக் கட்டிக் கொடுத்தேன். நெற்றியும் தாடையும் அதன்மேல், மூச்சுவிட நடுவில் இடம்.

முகத்தை அதில் வைத்தவள் உள்ளேயிருந்தே சிரித்தாள். "மாமா, இது அச்சு அசல் டைக்கோ!"

"யாருத்தா அது, டைக்கோ?"

"நான் வேலை பார்க்கிற பள்ளம், மாமா. நிலாவோட தெற்குப் பக்கம் இருக்கு. இதே மாதிரிதான் வட்டமா விளிம்பு."

நான் கட்டின சும்மாட்டுக்கு இதுவரை யாரும் பெயர் வைத்ததில்லை.

ஆடி 9, சனி

குப்புறக் கிடப்பவளுக்கு டிவி கிடையாது, புத்தகம் கிடையாது. கட்டு அவிழ்த்தாயிற்று, ஆனாலும் அந்தக் கண்ணில் பஞ்சு அடைத்ததுபோல் ஒரே மூட்டமாம். இடது கண்ணுக்குத் தெரிவது தரையும் என் பாதமும் மட்டும். "மாமா, உங்க கட்டைவிரல் நகத்தை வெட்டுங்க" என்கிறாள். நிலாவைச் சுற்றுகிற விண்கலமும் இப்படித்தான், எந்நேரமும் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்குமாம். "நான் இப்ப உங்களைச் சுத்துறேன்" என்றாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பொழுது போக வேண்டுமே என்று, அந்தப் பள்ளம் எத்தனை பெரிது என்று கேட்டுவைத்தேன். போதும் போதும் என்கிற அளவுக்குச் சொன்னாள்.

"இங்க மதுரையில ஒரு கரைன்னு வச்சுக்கங்க. எதிர்க்கரை உங்க காரைக்குடி."

"அடேயப்பா! ஆழம்?"

"நாலரைக் கிலோமீட்டருக்கும் மேல. உள்பக்கம் தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி, தட்டுத்தட்டா சரிஞ்சு இறங்கும். நடுவுல ஒரு மலை."

"பள்ளத்துக்குள்ள மலையா? அதை யாரு கொண்டாந்து வச்சது?"

"யாரும் வைக்கல மாமா. மேலேயிருந்து பெரிய கல்லு வந்து விழுந்துச்சு. அந்த வேகத்துல தரை அமுங்கி, நடுவுல திருப்பி எழும்பிருச்சு. இறங்குறதுக்குள்ள அப்படியே நின்னுபோச்சு."

இது எனக்குப் புரிந்தது. நிறைந்த பால் அண்டாவில் ஒரு சொட்டு விழுந்தால் நடுவில் ஒரு துளி எழும்பும், பார்த்திருக்கிறேன். ஆனால் அது உடனே அமர்ந்துவிடும். இது அமரவில்லை. அந்த மலை உச்சியில் ஒரு பாறை உட்கார்ந்திருக்கிறதாம். அதன்மேல் மதுரைக் கோயில் தெற்குக் கோபுரத்தைப் படுக்கவைத்தால் இரண்டு வைக்கலாமாம். அது எப்படி அங்கே போய் உட்கார்ந்தது என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம்.

டைக்கோ என்பது நானூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்கார வானசாஸ்திரியின் பெயர். கத்திச்சண்டையில் மூக்கு அறுபட்டு, உலோகத்தில் மூக்கு செய்து ஒட்டிக்கொண்டிருந்தாராம். மூக்கறுபட்டவர் பெயரைக் கொண்டுபோய் நிலாவில் வைத்திருக்கிறார்களே!

ரசம் கொஞ்சம் உப்பு. நான் வைத்து உப்பான ரசம் இதுதான் முதல் தடவை. பேச்சு சுவாரஸ்யம்.

ஆடி 11, திங்கள்

"மாமா, ஒரு வாரமா உங்ககிட்ட வெத்தலை வாசமே வரலையே?" என்றாள். பல்வலி என்றேன்.

ஆடி 13, புதன். பௌர்ணமி

காலையிலிருந்து கொடி சரியாகப் பேசவில்லை. குழம்பைக் குழலில் உறிஞ்சச் சொன்னால் உறிஞ்சினாள். சாயங்காலம், "இன்னிக்குப் பௌர்ணமிதானே மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். பௌர்ணமியன்று டைக்கோ கோடு கோடாகக் கதிர் விரித்துக்கொண்டு தெரியுமாம். கல் விழுந்தபோது சிதறிய வெள்ளைப் புழுதி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர்வரை தெறித்துப் போயிருக்கிறது. நிழல் விழாத நாளாகையால் அன்றைக்குப் பள்ளம் தெரியாது, கதிர்தான் தெரியும். பத்து வருஷமாக ஒரு பௌர்ணமியையும் விட்டதில்லையாம். சொல்லிவிட்டுச் சும்மாட்டுக்குள் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "உன் கம்ப்யூட்டரைத் தொறக்குறேன்த்தா. படத்தை நான் பாத்துச் சொல்றேன், நீ கேளு" என்றேன். எந்தப் படத்தைத் திறக்க வேண்டும் என்று சொன்னாள். டைக்கோவின் அடித்தரை, புதிதாக வந்த படம். அதில் பொடிப்பள்ளம் நிறைய இருக்கிறதா, குறைவா என்பதுதான் அவளுக்கு வேண்டும். நிறைய இருந்தால் தரை பழசு, குறைவாக இருந்தால் புதுசு. அவள் எழுதி அனுப்பியிருக்கும் கட்டுரையே அதன் மேல்தான் நிற்கிறது.

மடக்குக் கம்ப்யூட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் தட்டையாக விரித்துவைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

"பள்ளமே இல்லைத்தா. எல்லாம் மேடு. குழிப்பணியாரத்தைத் தட்டுல கவுத்தின மாதிரி உப்பி உப்பி நிக்குது."

"மேடா?"

"மேடுதான். பொடிசும் பெருசுமா."

"ஒரு பள்ளம்கூட இல்லியா?"

"பொய்யா சொல்றேன்?"

போதும் மாமா, மூடிருங்க என்றாள். சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டாள். நான் என்ன சொல்லிவிட்டேன் என்று தெரியவில்லை. உள்ளதைத்தானே சொன்னேன்!

ஆடி 14, வியாழன்

காலையில் பல் விளக்கக்கூட இல்லை, அதற்குள் கேள்வி.

"மாமா, நேத்து அந்தப் படத்துல வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து விழுந்துச்சு?"

திறந்து பார்த்தேன். "கீழேருந்து."

"கீழேருந்து வராதே. நான் எப்பவும் மேலேருந்து வர்ற மாதிரிதானே திருப்பி வைப்பேன்... மாமா, நீங்க இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?"

"உனக்கு எதிர்த்தாப்புல."

"கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

"உன் பக்கம்தான். உன் படம், உன் பக்கம் பார்த்து வைக்காம என் பக்கமா வச்சுக்குவேன்?"

அவ்வளவுதான். கட்டில் ஆட ஆடச் சிரித்தாள். சிரிக்காதத்தா, கண்ணு, கண்ணு என்று நான் கத்துகிறேன், அவள் அடங்கவேயில்லை. படத்தை நான் தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். எழுத்து தலைகீழாகத் தெரியவில்லையா என்று கேட்டாள். இங்கிலீஷ் எனக்கு நேராக இருந்தாலும் தலைகீழ்தான்.

"இந்தப் பக்கம் வந்து பாருங்க மாமா."

சுற்றிவந்து பார்த்தேன். ஆத்தாடி! மேடெல்லாம் ஒரே நொடியில் குழியாகிவிட்டது. பணியாரம் போய்ப் பணியாரச் சட்டி வந்துவிட்டது. வெளிச்சம் எப்போதும் மேலேயிருந்துதான் வரும் என்று கண்ணுக்கு ஒரு பழக்கமாம். அதனால் படத்தைத் திருப்பினால் கண் ஏமாந்து பள்ளத்தை மேடு என்று சொல்லும். பெரிய பெரிய ஆட்களே ஏமாந்திருக்கிறார்களாம். எனக்காகச் சொன்னாளோ என்னவோ.

பொடிப்பள்ளம் எண்ணிக்கை குறைவுதான் என்று பார்த்துச் சொன்னேன். "அப்ப சரி. டைக்கோ இளசுதான் மாமா, பத்துக் கோடியே எண்பது லட்சம் வருஷம்தான்" என்றாள். இவள் கணக்கில் இது இளசு! நிலாவுக்கு நானூற்றைம்பது கோடியாம். அப்படியானால் நேற்றுப் பெய்த மழை மாதிரிதான்.

நான் கம்ப்யூட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அடிப்பிடித்த சாம்பாரை இரண்டு தரம் கேட்டு வாங்கி உறிஞ்சினாள்.

ஆடி 18, திங்கள். பெருக்கு

புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் என்று மூன்று வகைச் சாதம் கிளறினேன். இரண்டு பேருக்கு எதற்கு என்று கேட்க ஆள் இல்லை.

டாக்டர் பார்த்தார். இனித் தலை நிமிரலாம், மல்லாந்து மட்டும் படுக்கக்கூடாது. கொடி நிமிர்ந்து உட்கார்ந்ததும், "மாமா, உங்களுக்குத் தலைகூட இருக்கு!" என்றாள். சிரித்தேன்.

அவளை உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், தன்மையானவர். திரை ஒட்டிவிட்டது, ஆனால் நடுப்பகுதி வெகுநேரம் விலகிக் கிடந்திருக்கிறது, பார்வை வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பௌர்ணமி வாக்கில் தெரிந்துவிடும் என்றார். கொடி கேட்டதற்கு, "பில்லு பத்திப் பேசினாரு" என்றேன்.

சேது கப்பலிலிருந்து பேசினான். எல்லாம் நல்லபடி என்றேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். இந்த ஊர் அடுப்பில் அழுக்கு ஒட்டிக்கொண்டால் போகவே மாட்டேன் என்கிறது.

ஆடி 19, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. சொட்டு மருந்து விட்டேன்.

ஆடி 22, வெள்ளி

வாயுக் குமிழி கரைய ஆரம்பித்துவிட்டது. மேலே கொஞ்சம் வெளிச்சம், கீழே கறுப்பாக ஒரு கோடு, தண்ணீர்போல ஆடுகிறது என்கிறாள். நான் பதறிப்போனேன். "குமிழி மேலதானே மிதக்கும்னாங்க, உனக்குக் கீழ தெரிஞ்சா எப்படித்தா?"

"கண்ணுக்குள்ள எல்லாமே தலைகீழாத்தான் விழும் மாமா. நீங்க படத்தை எதிர்ப்பக்கமிருந்து பார்த்த கதைதான்."

டாக்டர் சொன்னபடி விரல் காட்டிப் பார்க்க வேண்டும். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளச் சொல்லி, அறையின் அந்தக் கோடியில் போய் நின்றேன். கையைத் தூக்கினேன்.

"எத்தனைத்தா?"

கொஞ்சம் யோசித்தாள். "மூணு."

"சரி" என்றேன். "சரியாச் சொல்லிட்டியே."

அவள் முகம் மலர்ந்தது, என் முகம் மலர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு. நான் விரலே காட்டவில்லை. முஷ்டியைத்தான் தூக்கியிருந்தேன்.

ஆடி 29, வெள்ளி

ஆவணி முதல் முகூர்த்தம் நான்தான் ஒத்துக்கொண்டிருந்தேன், தேவகோட்டையில் பெரிய கல்யாணம். நம் கையாள் வயிரவனையே பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். முழங்கால் சரியில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பந்தியில் நிற்க முடியாது.

மாடிப்படியில் நான்கைந்து தடவை ஏறி இறங்கித் துணி காயப்போட்டேன். கொடி உள்ளேயிருந்து, "முழங்கால் எப்படி மாமா இருக்கு?" என்றாள். வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆவணி 3, புதன்

அதிரசத்துக்குப் பாகு வைத்தேன். கொடி அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கதை சொன்னாள். கல் விழுந்த சூட்டில் பாறையே உருகிவிட்டதாம். உருகினது அடித்தரையில் ஏரி ஏரியாகத் தேங்கி, ஆறி, விரிசல் விட்டிருக்கிறது. விளிம்புக்கு வெளியிலும் வழிந்திருக்கிறது.

"அப்ப பாகு முத்திப்போச்சு" என்றேன்.

"அதேதான் மாமா."

பாகு கம்பிப்பதம் வந்துவிட்டதா பார் என்று அவள் முன்னால் கரண்டியைத் தூக்கிக் காட்டினேன். வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் கரண்டிப் பக்கமாகத் திரும்பி, "வந்துருச்சு மாமா" என்றாள். பாகு கரண்டியிலிருந்து தண்ணீராகத்தான் கொட்டிக்கொண்டிருந்தது. ஆமாத்தா, வந்துருச்சு என்று அடுப்பை அணைத்தேன். அதிரசம் அத்தனையும் பிரிந்துபோயிற்று. இரண்டு பேரும் பொடியாகவே அள்ளித் தின்றோம்.

எனக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று அவள் பொய் சொல்கிறாள். அவளுக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது என்று நான். நல்ல குடும்பம்!

ஆவணி 7, ஞாயிறு

அகிலாண்டம் பேசினாள். பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். சந்தோஷத்தில் எனக்கு வாய் குழறியது. "ஏங்க, வாயில வெத்தலையா, ஒண்ணும் புரியல?" என்றாள். ஆமாம் என்றுவிட்டேன். கொடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

குமிழி மிளகு அளவுக்குச் சுருங்கி, கருவளையம் போட்டுக் கீழ் ஓரத்தில் உருள்கிறதாம். "என் கண்ணுக்குள்ளயே ஒரு டைக்கோ" என்றாள். மற்றபடி எப்படித் தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நல்லாத் தெரியுது என்பாள்.

ஆவணி 11, வியாழன். பௌர்ணமி

காலையில் வாழையிலை வாங்கப் போனேன். இரண்டு வெற்றிலையும் வாங்கினேன். சும்மாதான். இலை நன்றாக இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் கொடி, மொட்டை மாடிக்குப் போகலாம் மாமா என்றாள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். இன்னும் இருட்டவில்லை. கிழக்கே தென்னைக்கு மேலே நிலா எழும்பி நின்றது, தாம்பாளம்போல. அவள் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளி நின்றேன். பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இதை எழுதுவதில் என்ன வெட்கம், தைரியம் இல்லைதான்.

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வலது ஓரத்துல வெள்ளையா ஒரு புள்ளி, மாமா. அதுலேருந்து கோடு கோடாப் போகுது. ஓரம் கொஞ்சம் நெளியுது. ஆனா தெரியுது."

"நெசமாவாத்தா?"

"நெசமா மாமா."

"ம்" என்றேன். எனக்கு வயிறு குளிரவில்லை. டைக்கோ எங்கே இருக்கிறது, கதிர் எந்தப் பக்கம் போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவள் சொல்லுவாள். பத்து வருஷமாக மனப்பாடம். மூணு என்று சொன்ன வாய்தானே, கம்பிப்பதம் என்று சொன்ன வாய்தானே! கடவுளே, என்னத்தை வைத்து நம்புவது?

கையை எடுக்காமல் அப்படியே என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நம்பல."

"நம்புறேன்த்தா."

"அன்னிக்கு நீங்க விரலே காட்டல, இல்ல? சரின்னு சொன்னப்ப உங்க குரல் நடுங்குச்சு. அப்பவே நெனச்சேன்."

தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, உங்க சட்டைப் பையிலேருந்து காம்பு நீட்டிக்கிட்டிருக்கு. வெத்தலைக் காம்பு. ரெண்டு."

குனிந்து பார்த்தேன். பச்சையாக இரண்டு காம்பு, அரை விரல்கூட இருக்காது, பை விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கையை இன்னும் இடது கண்ணைவிட்டு எடுக்கவில்லை.

"போடுங்க மாமா" என்றாள். "பிள்ளையார் ஒண்ணும் சொல்லமாட்டாரு. எனக்கு எல்லாம் அன்னிக்கே தெரியும், பல்வலியாம் பல்வலி!"

தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டேன். சுண்ணாம்பு வாங்க மறந்திருந்தேன், பாக்கும் இல்லை. வெறும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டேன். அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். இரண்டு பேரும் மென்றபடி நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தக் கோடு எதுவரைக்கும் போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அந்த நேரத்தில் ஒரு கோடும் தெரியவில்லை. பக்கத்து மாடியில் யாரோ குப்பை கொளுத்திப் புகை வந்திருக்க வேண்டும்.

சொட்டு மருந்து ராத்திரி வேளைக்கு விட மறந்துபோயிற்று. எழுதி வைத்தால் டாக்டர் திட்டுவார். திட்டட்டும்.